அளத்து இசக்கி

அத்தியாயம் பதினொன்று

சாத்தூர் வாசகி ஒருவர் என் மீது கோபமாக இருக்கிறார். "கத்திரி வெயிலில் அந்தப் பெண்ணை ஏன் ஐயா இப்படி ஓடவிடுகிறீர்கள்? காலை ஐந்து மணிக்கு ஓடவிட்டால் உங்கள் கதை கெட்டுப்போய்விடுமா?" என்று இன்லண்ட் லெட்டரில் கேட்டிருக்கிறார்.

அம்மா, காலை ஐந்து மணிக்குத் தூத்துக்குடியில் தூங்குகிறவர் யார்? உப்பளத்துக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். புதுத் துறைமுகத்துக்குப் பாறை கொண்டுபோகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சாயங்காலம் என்றால் கடற்கரை முழுக்கக் காற்று வாங்க வந்த தெரிந்த முகங்கள். கருப்பட்டிக் கடை வெள்ளத்துரை அண்ணாச்சியின் மகள் ஓடுவதை யாரும் பார்க்காத நேரம் ஒரு நாளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை. அந்த ஒரு மணி நேரம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு, சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துவிடும். அளத்துப் பெண்கள் பதினோரு மணிக்கே வீடு திரும்பிவிடுவார்கள். சீனித்தாயைச் சுதந்திரமாக விட்டது அந்தப் பாழாய்ப்போன வெயில் மட்டும்தான்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். சீனித்தாய்க்கு இருபத்தொரு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பெண்களையும் போலீஸில் எடுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறதல்லவா, அதற்கு வீட்டுக்குத் தெரியாமல் மனுப் போட்டாள். பதில் கடிதம் அவளுடைய சிநேகிதி விக்டோரியாவின் விலாசத்துக்கு வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாளையங்கோட்டை மைதானத்தில் ஆஜராக வேண்டும். எண்ணூறு மீட்டரை மூன்றரை நிமிஷத்துக்குள் ஓட வேண்டும்.

வீட்டிலோ விளாத்திகுளத்து மாப்பிள்ளையைப் பேசி முடித்து, வைகாசியில் முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை நல்லவரா என்று சீனித்தாய்க்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஜாதகங்கள் மட்டும் பார்த்துக்கொண்டன.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அண்ணன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய். புருஷனின் பழைய காக்கிப் பேண்ட்டையும் கேன்வாஸ் ஷூவையும் எடுத்துக்கொடுத்து, மத்தியானம் புழக்கடைக் கதவைத் திறந்துவிட்டு, நாத்தனார் திரும்பியதும் தாழ்ப்பாள் போடுகிறவள் அவள்தான். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மடியில் பிள்ளை இல்லை. எதிர்த்துப் பேசினாள் என்று ஒரு தடவை உடன்குடியில் தாய்வீட்டில் ஆறு மாதம் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இன்னொரு தடவை போனால் திரும்பக் கூப்பிட ஆள் வராது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கதவைத் திறந்துவிட்டாள் என்பதற்காகத்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அளத்துக் காவல்காரன் மாடக்கண்ணு போன வாரம் உச்சிவெயிலில் ஓர் உருவம் ஓடுவதைப் பார்த்துவிட்டான். கானலில் அதற்குக் கால் தெரியவில்லையாம். மாடக்கண்ணு சும்மா காவல்காரன் இல்லை. அளத்தோரத்து இசக்கியம்மன் கோயிலில் சாமியாடுகிறவனும் அவன்தான். "இசக்கி உச்சிக்கு உலாத்தப் போறா" என்று அவன் சொல்ல, தெருவில் பிள்ளைகளை மத்தியானம் வெளியே விடுவதையே நிறுத்திவிட்டார்கள். சீனித்தாயும் ஆறுமுகத்தாயும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அதோடு சரி.

*

செவ்வாய்க்கிழமை. கல்யாணம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று அம்மா சங்கரம்மாள் மகளுக்கு மூன்று செவ்வாய் விரதம் வைத்திருந்தாள். காலையில் குளித்தது முதல் விளக்கேற்றும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுரு சீனி" என்றாள் ஆறுமுகத்தாய், புழக்கடையில் நின்று. "வெறும் வயிறு. வெயிலைப் பாரு, மண்டையைப் பிளக்கு."

"மூணு நாள்தான் மதினி இருக்கு. இன்னும் பதினஞ்சு செக்கண்டு குறையணும்."

"ஒரு மடக்குத் தண்ணியாவது குடிச்சிட்டுப் போளா. நான் அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்."

சீனித்தாய் செம்பைப் பார்த்தாள். விரதத்தை நம்புகிற பெண் இல்லை அவள். ஆனாலும் அம்மா அந்த விரதத்தைத் தானும் சேர்ந்து இருந்தாள். உள்ளே தரையில் நாக்கு வறண்டு படுத்திருக்கிற அம்மாவை நினைத்ததும் செம்பை வாங்க மனம் வரவில்லை. கல்யாணத்துக்காக விரதம், கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஓட்டம் என்று இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றிக்கொண்டு அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அளத்துப் பாதையில் ஓர் உடைமரம் இருக்கிறது. அதிலிருந்து ஏழாவது தந்திக்கம்பம் வரை போய்த் திரும்பினால் எண்ணூறு மீட்டர். சைக்கிள் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி அளந்து சொன்னவள் விக்டோரியா. தன் கைக்கடிகாரத்தையும் கொடுத்திருந்தாள். மணிக்கட்டில் கட்டினால் வார் வியர்வையில் வழுக்குகிறது என்று சீனித்தாய் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே ஓடுவாள்.

இரண்டு பக்கமும் பாத்திகள். உப்பு விளைந்து கிடக்கிற காலம். கீழே பார்த்தாலும் கண் கூசும், மேலே பார்த்தாலும் கூசும். கடல் பக்கம் காற்றே இல்லை. பாதையின் சூடு ஷூவின் அடியைத் தாண்டிக் குதிகால் வரை ஏறியது. அவள் மூக்கால் மூச்சு இழுத்தபோது உள்ளே அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருந்தது.

முதல் ஓட்டம் முடிந்தது. மரத்தடியில் குனிந்து நின்று கையைத் திறந்து பார்த்தாள். மூன்று நிமிஷம் நாற்பத்தொரு செகண்ட்.

போன வாரத்தைவிட நாலு செகண்ட் குறைவு. இன்னும் பதினொன்று வேண்டும். அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன், நீங்களும் போயிருப்பீர்கள். ஆனால் நமக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை இல்லை. அவள் இன்னொரு தடவை ஓடிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

மூன்றாவது கம்பம் தாண்டியதும் வியர்வை நின்றுவிட்டது. அவள் அதை நல்லதென்று நினைத்தாள். ஐந்தாவது கம்பத்தில் கை ரோமமெல்லாம் சிலிர்த்துக் குளிர ஆரம்பித்தது. கத்திரி வெயிலில் குளிருகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. ஆறாவது கம்பம் இரண்டாகத் தெரிந்தது. எந்த ஆறாவது கம்பத்துக்குப் போவது என்று தெரியாமல் நடுவில் ஓடினாள். ஏழாவதைத் தொட்டுத் திரும்பியதாக நினைத்துக்கொண்டாள். திரும்பவில்லை. முகம் குப்புறப் பாத்தி வரப்பில் விழுந்தாள். உதட்டில் உப்பு ஒட்டியது.

காவல் குடிசையிலிருந்து மாடக்கண்ணு எட்டிப் பார்த்தான்.

ஒரு வாரமாகத் தேடிய உருவம் அவன் குடிசை வாசலுக்கே வந்து விழுந்திருக்கிறது. மடியிலிருந்த திருநீற்றை எடுத்து எட்ட நின்றே வீசினான். "ஆத்தா, நான் உன் பிள்ளை, என்னைய ஒண்ணும் செஞ்சிராத" என்று கும்பிட்டான். பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தான். வெள்ளத்துரை அண்ணாச்சியின் மகள். ஆம்பளைப் பேண்ட். கண் மேலே செருகியிருந்தது. ஒரு கை இறுகப் பொத்தியிருந்தது.

"ஏ தாயி, யாரு பிள்ள நீ? பேரு என்ன?" என்று அவளுக்குள் இருக்கிற இசக்கியிடம் கேட்டான்.

"விடுங்க… ஓடணும்…"

"எங்க ஓடணும்?"

"இன்னும் பாதி இருக்கு. விடுங்க, ஓடணும்…"

மாடக்கண்ணுவுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உப்பு மூட்டை ஏற்ற வந்து நின்ற வண்டிக்காரனை எழுப்பி, சாக்கின்மேல் அவளைக் கிடத்தி ஊருக்குள் கொண்டுவந்தான். நல்ல மனுஷன்; வழியெல்லாம் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டே நடந்தான். அதே வழியெல்லாம், கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் வந்தான்.

*

இரண்டு மணிக்கு வெள்ளத்துரை வீட்டு முற்றத்தில் இருபது பெண்கள் கூடிவிட்டார்கள்.

"எம் பிள்ளை படுத்துத் தூங்கிக்கிட்டில்லா இருந்தா!" என்று சங்கரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "புழக்கடைக் கதவு தாப்பா போட்டிருந்துச்சே. எப்படிப் போனா?"

"அதுக்குத் தாப்பா ஒரு கணக்கா மதினி? உச்சிப்பொழுதுல கூப்பிட்டா கதவு தானா தொறந்துக்கிடும்" என்றாள் அடுத்த வீட்டு இசக்கித்தாய்.

"அவ அண்ணன் பேண்ட்டை எதுக்குப் போட்டுருக்கு?"

"அது கண்ணுல பட்டதை எடுத்து உடுத்தும்."

ஆறுமுகத்தாய் தூணோரம் நின்றாள். மத்தியானம் கதவைத் திறந்துவிட்டு, வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்ட கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

மாடக்கண்ணு திருநீறு போட்டுப் பார்த்தான். சீனித்தாய் வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் என்ன வரும்? மஞ்சள் தண்ணீர் வந்தது. அவள் உடம்பு தணலாகக் கொதித்தது. பொத்திய கையை இரண்டு பெண்கள் சேர்ந்து திறக்கப் பார்த்தும் முடியவில்லை. அதையும் ஓர் அடையாளமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"இது அளத்து இசக்கிதான்" என்றான் மாடக்கண்ணு. "ஒரு வாரமா பிள்ளையை ஓடவிட்டு விளையாடியிருக்கா. வெள்ளிக்கிழமை உச்சிக்கு இந்தப் பிள்ளை தலையில கல்லு ஏத்தி, வீட்டுல இருந்து கோயில் வரைக்கும் ஓடவிடணும். அங்கன வேப்பமரத்தடியில கல்லைப் போட்டா அவ இறங்கிருவா. அது வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. இரும்பு ஆகாது, கண்ணாடி ஆகாது, ஆளுக யாரும் போயிப் பேசப்பிடாது."

கொண்டுபோய் அடைத்த இடம் வீட்டுக்குப் பின்னாலிருந்த கிட்டங்கி. கருப்பட்டிச் சிப்பங்களை அடுக்கிவைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே கையகலத்தில் ஒரு துவாரம் மட்டும் உண்டு. வெளித் தாழ்ப்பாளில் வேப்பங்குழையைச் செருகினார்கள். நல்ல ஆளுக்கே அங்கே கால்மணி நேரம் உட்கார்ந்தால் மூச்சுத் திணறும்.

வெயிலில் அடிபட்டு விழுந்த பெண்ணை அதைவிடச் சூடான இடத்தில் பூட்டிவிட்டு, எல்லாரும் அவளுக்காக மனமுருகி வேண்டிக்கொண்டார்கள். சாத்தூர் அம்மா, இப்போது சொல்லுங்கள், வதைத்தது நானா?

*

மூன்று மணிக்கு மாமியார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஆறுமுகத்தாய் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கினாள். ஒரு குடம் தண்ணீரும் நீர்த்த மோரும் கொண்டுவந்திருந்தாள். மோரில் உப்பை அள்ளிப் போட்டிருந்தாள். ஈரத்துண்டைச் சீனித்தாயின் கழுத்திலும் அக்குளிலும் வைத்துத் தேய்த்தாள்.

பாதிக் குடம் உள்ளே போன பிறகுதான் சீனித்தாய்க்குக் கண் நிலைத்தது.

"மதினி, நான் எங்கன இருக்கேன்?"

"கிட்டங்கியில."

"மணி என்ன?"

"மூணு அடிச்சிருச்சு. சீனி, உன்னைய இசக்கி பிடிச்சிருக்குங்காவ."

சீனித்தாய் சிரிக்கப் போனாள். மதினியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. ஆறுமுகத்தாய் நடந்ததையெல்லாம் மளமளவென்று சொன்னாள். வெள்ளிக்கிழமை உச்சிக்குக் கல் சுமக்க வேண்டும் என்பது வரை சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையா? எட்டு மணிக்கு நான் பாளையங்கோட்டையில நிக்கணும் மதினி!"

"மெதுவாப் பேசுளா."

"நீங்க போயி சொல்லுங்க. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் வயித்துல ஓடி மயங்கிட்டான்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

ஆறுமுகத்தாய் துண்டைப் பிழிந்தாள். பிழிந்த துண்டையே திரும்பவும் பிழிந்தாள்.

"உங்க அண்ணன் கோவில்பட்டிக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்காக. ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துருவாக. பேண்ட்டை யாரு குடுத்தான்னு முத கேள்வி வரும். கதவை யாரு தொறந்தான்னு ரெண்டாவது வரும். மூணாவது கேள்விக்கு நான் உடன்குடி பஸ்ஸுல இருப்பேன்."

"மதினி…"

"எனக்குப் பயமா இருக்கு சீனி. நான் உங்கிட்ட பொய் சொல்லலை. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

அவள் அழுதுவிட்டாள். சீனித்தாய்க்குக் கோபம் வந்தது. மோர்க் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே மதினி முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"சரி, நீங்க போங்க" என்றாள். "அப்பா வரட்டும். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். உங்க பேரு வராது."

*

வெள்ளத்துரை நாலரை மணிக்கு வந்தார். கடையில் ஆள் வந்து சொன்னதும் பாதி வியாபாரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டார். முற்றத்தில் கூடியிருந்தவர்களைத் தாண்டி, யாரோடும் பேசாமல் நேரே கிட்டங்கிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு சிப்பத்தின்மேல் உட்கார்ந்து மகளுடைய காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துப் பார்த்தார்.

"கொப்புளம்" என்றார்.

"ஷூ பெரிசுப்பா. அண்ணனோடது."

அவர் அவளுடைய பொத்திய கையைப் பிடித்தார். மற்றவர்களுக்குத் திறக்காத கை அவர் தொட்டதும் திறந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இசக்கிக்குக் கடியாரம் எதுக்கு?" என்றார் வெள்ளத்துரை. அவர் உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்புக்கூட இருந்தது.

அந்தச் சிரிப்பு போதும் அவளுக்கு. மனுப் போட்டதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆறுமுகத்தாயின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். அவள் முடித்த பிறகு வெள்ளத்துரை நிதானமாகக் கேட்டார்.

"எவ்வளவு தூரம்?"

"எண்ணூறு மீட்டர்."

"எத்தனை நிமிசத்துல?"

"மூணரை."

"நீ?"

"மூணு நாப்பத்தொண்ணு. அதுவும் வெறும் வயித்துல, இந்த வெயில்ல. காலையில ஓடினா வந்துருவேன்ப்பா."

"வந்துருவ" என்றார் அவர். "நான் நம்புதேன்."

சீனித்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனையோ நாளாக யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை அது. "அப்போ வெளிய போயி சொல்லிருங்கப்பா. மாடக்கண்ணு அண்ணாச்சியை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

வெள்ளத்துரை கடிகாரத்தின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"அளத்துல இருந்து வண்டியில வரும்போதே பாதி ஊரு பாத்தாச்சு தாயி. ராத்திரிக்குள்ள விளாத்திகுளத்துக்குச் சேதி போயிரும். இசக்கி அடிச்சிருச்சுன்னு போனா அவுக என்ன சொல்லுவாக? கழிப்பு கழிச்சுட்டுச் சொல்லி அனுப்புங்கன்னுவாக. எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். அவுக வீட்டுலயே நடந்திருக்கும். ஆனா, பொண்ணு அவ அண்ணன் பேண்ட்டை மாட்டிக்கிட்டு, போலீஸு வேலைக்குப் போறதுக்கு, யாருக்கும் தெரியாம அளத்துல ஓடினான்னு போச்சுன்னா? அதுக்கு எந்தக் கோயில்ல போயிக் கழிப்பு கழிக்க?"

"எனக்குத்தான் அந்தக் கல்யாணமே வேண்டாமேப்பா."

"பேயின்னா வெள்ளிக்கிழமையோட போயிரும். இது போகாது."

"வெள்ளிக்கிழமைதான்ப்பா எனக்குப் பரீட்சை!"

"இப்பத்தானே சொன்ன. கேட்டேன்."

"பெறகு?"

அவர் எழுந்தார். கூரையின் சூட்டில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "நீ டிரெயினிங்குன்னு மெட்ராசுக்குப் போயிருவ. நாங்க இங்கனதானே இருக்கணும். உங்க அம்மை அந்தப் பொம்பளையளோட தண்ணி பிடிக்கப் போகணும். நான் நாளைக்குக் கடையைத் தொறக்கணும். எனக்கு இந்தத் தெருவை விட்டா வேற போக்கிடம் ஏது?"

கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இதை விக்டோரியா பிள்ளைகிட்ட நானே குடுத்துருதேன். கடுதாசி அங்கனயே இருக்கட்டும்."

மகள் தலையில் கையை வைத்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு வெளியே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில்தான் சீனித்தாய்க்கு விஷயம் புரிந்தது.

வெளியே மாடக்கண்ணுவின் குரல் கேட்டது. "என்ன அண்ணாச்சி, பேசிச்சா?"

அவள் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர் என்று தெருவே சொல்லும்.

"பேசிச்சு" என்றார் வெள்ளத்துரை.

"என்ன கேக்கு?"

"போலீஸு வேலைக்குப் போகணுங்குது. பாளையங்கோட்டைக்குப் போயி ஓடணுங்குது. கல்யாணம் வேண்டாங்குது. என்னென்னமோ சொல்லுது." அவர் சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். "எம் மக இல்ல அது. எம் மக இப்படிப் பேச மாட்டா."

முற்றத்தில் ஒரு முனகல் எழுந்தது. "பாத்தியா, போலீஸாம்லா! பொம்பளப் பிள்ளை வாயில எங்கிருந்து வரும் அந்தப் பேச்சு?" என்று இசக்கித்தாய் யாரிடமோ சொன்னாள்.

அவர் சொன்னதில் பொய் என்று எத்தனை வார்த்தை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். மகள் சொன்ன உண்மையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். சொன்னது அவள் இல்லை என்று மட்டும் சேர்த்தார்.

"ஆறுமுகத்தாயி" என்றாள் சங்கரம்மாள் திடீரென்று. "கிட்டங்கிக் கதவு முன்ன தொறந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீதானே உள்ள போன? உங்கிட்டயும் பேசிச்சா?"

எல்லாரும் ஆறுமுகத்தாயைப் பார்த்தார்கள். உள்ளே சீனித்தாய் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். மதினி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பேசிச்சு அத்தை."

"யாரு குரலு?"

ஆறுமுகத்தாய் தரையைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீனி குரல் மாதிரி இல்ல அத்தை."

கிட்டங்கிக் கதவு அதிர்ந்தது. இரண்டு கையாலும் சீனித்தாய் அறைந்தாள். "எம்மா! நான் சீனித்தாய்! நான்தான்ம்மா பேசுதேன், சீனித்தாய்! கதவைத் தொறங்க!"

மாடக்கண்ணு கையை உயர்த்திக் கும்பிட்டான். "வந்துட்டா! ஆத்தா வந்துட்டா! குலவை போடுங்கம்மா!"

முதல் குலவையைப் போட்டவள் சங்கரம்மாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுக, காலையிலிருந்து தண்ணீர் படாத நாக்கைச் சுழற்றி, மகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அவள் குலவை போட்டாள். முற்றத்திலிருந்த அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"சீனித்தாய்! நான் சீனித்தாய்!"

அவள் கத்தக் கத்தக் குலவை ஏறியது. அவள் பெயர் அவளுக்கே கேட்கவில்லை.

ஆறுமுகத்தாய் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மாமியார், குலவையை நிறுத்தாமலே, திரும்பி அவளைப் பார்த்தாள்.